தவராசாவுக்கு, நத்தார் முடிந்த கையோடு

புளியந்தீவு,
மட்டக்களப்பு.
27.12.2025

அன்புள்ள தவராசா,

உமக்கும் வீட்டாருக்கும் எங்கள் எல்லோருடைய நத்தார், புதுவருட வாழ்த்துகள். இங்கு யாவரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை. வாய் எப்போதும்போலத் திடகாத்திரமாக இருக்கிறது. உமது புரட்டாதிக் கடிதத்துக்கு இவ்வளவு நாளும் பதில் வராததைச் சோம்பல் என்று நீர் நினைத்திருப்பீர். என் தம்பி குத்தகைக்குச் செய்கிற உமது வயலை விற்பதா வைத்திருப்பதா என்று நீர் கேட்டது ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அன்று. தம்பி பெரும்போகத்தை விதைத்து முடிக்கட்டும், ஆறுதலாக இருந்து பேசி எழுதலாம் என்றிருந்தேன். அவனும் விதைத்து முடித்தான். கார்த்திகையில் 'டித்வா' புயல் வந்து மிச்சத்தை முடித்துவைத்தது.

நத்தார் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அம்மா கணக்குக் கேட்கும் வழக்கம் இன்னும் நிற்கவில்லை. இந்த வருடம் வந்தது என்ன, போனது என்ன என்று சின்னப்பிள்ளை முதல் பெரியவர் வரை எல்லோரும் சொல்லியாக வேண்டும். "வந்தது அந்தோனியின் சைக்கிள், போனது அதன் பெல்" என்று நீர் சொன்னதை அம்மா இந்தமுறையும் மறக்காமல் எடுத்துவிட்டார். பெல் எங்கே போனதென்று இன்றுவரை உமக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். என் மனைவி, வந்தது மருமகள், போனது அலுமாரியில் பாதி என்றாள். மருமகளும் சேர்ந்து சிரித்தபடியால் தப்பினோம். தங்கச்சி மகள் தாதி வேலைக்குக் கட்டார் போனதைச் சொல்லும்போது தங்கச்சிக்குக் குரல் தளதளத்தது. அம்மா தம் கணக்கில் பாப்பரசர் பிரான்சிஸைச் சேர்த்துக்கொண்டார். அவர் இறந்தது ஏப்ரல் 21. 2019இல் இங்கே சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் பலர் இறந்ததும் அதே திகதியில்தான். காலையில் அந்தப் பிள்ளைகளுக்காக ஏற்றிய மெழுகுதிரி அணைவதற்குள் மத்தியானம் ரோமிலிருந்து செய்தி வந்ததை அம்மா திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

தம்பியின் முறை வந்தபோது அவன் ஒன்றும் சொல்லவில்லை. கை கழுவ எழுந்து கிணற்றடிக்குப் போனவன் அங்கேயே நின்றுவிட்டான்.

வெள்ளம் வந்த கதையை நீர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர். வயலில் நடந்ததை அதில் காட்டியிருக்கமாட்டார்கள். அம்மா எந்த மழையையும் 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியோடுதான் ஒப்பிடுவார் என்பது உமக்குத் தெரியும். உங்கள் வீட்டுத் தகரம் எங்கள் கிணற்றுக்குள் கிடந்த கதை இந்த மழையிலும் வந்தது. ஆனால் அன்று காற்று வந்து தென்னையை முறித்துக்கொண்டு போனது. இந்தமுறை எங்கள் பக்கம் வினை எல்லாம் தண்ணீரால்தான். வலையிறவுப் பாலத்துக்கு அப்பால் வயல்வட்டை எது, வாவி எது என்று பிரித்தறிய முடியாதபடி ஒரே வெள்ளக்காடு. பயிர் அப்போதுதான் மட்டம் வெடித்துக் கிளைக்கிற பருவம். உரம் எறிந்து அதிக நாள் ஆகவில்லை. தண்ணீர் வடிந்த பின் தம்பியோடு நானும் போய்ப் பார்த்தேன். மேட்டு வயல் கண்டங்களில் பயிர் மஞ்சளித்துப்போய் நின்றாலும் உயிர் இருந்தது. உமது கண்டங்கள் பள்ளத்தில் இருப்பதால் அங்கே தாள்கள் எல்லாம் சேறு பூசிக்கொண்டு ஒரு பக்கமாகப் படுத்துக் கிடந்தன. தம்பி குனிந்து ஒரு குத்தைப் பிடித்துத் தூக்கினான். இழுக்க வேண்டியே இருக்கவில்லை. வேர் கறுத்து, அடித்தண்டு கூழாகி, விரல்களில் அழுகல் நாற்றம் ஒட்டிக்கொண்டது. அவன் அதை வரம்பில் வைத்துவிட்டு அடுத்த குத்தையும் தூக்கிப் பார்த்தான், அதற்கு அடுத்ததையும் தூக்கினான். போதும் வா என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்துவந்தேன்.

மலையகத்தில் மண்சரிவில் குடும்பம் குடும்பமாகப் போனவர்களை நினைத்தால், நாடு முழுக்க 600 பேருக்கு மேல் இறந்திருக்கும்போது, எங்களுடையதை இழப்பென்று சொல்லவே வாய் கூசுகிறது என்பது தம்பியின் பேச்சு. அது உண்மைதான். ஆனால் அடகு வைத்த நகையும் உரக்கடைக் கடனும் அந்த நியாயத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கப்போவதில்லை. போன பெரும்போகம் நன்றாக விளைந்தது. எங்கள் பக்கத்தில் அறுவடை தை மாதமே தொடங்கிவிட, 'நாட்டு' வகை நெல் கிலோ 120 ரூபாய் என்ற உத்தரவாத விலை பெப்ரவரியில்தான் அறிவிக்கப்பட்டது. கடன்காரனை வாசலில் வைத்துக்கொண்டு நெல்லைக் கட்டிவைக்க முடியாதவர்கள் அதற்குள் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். தம்பியும் அப்படித்தான் கொடுத்தான். அந்தப் பள்ளத்தை இந்தப் போகத்தில் நிரப்பலாம் என்று நம்பித்தான் உமது கண்டங்களையும் சேர்த்து விதைத்திருந்தான்.

இப்போது பெறாமகனின், அதுதான் தம்பி மகனின், விடயத்துக்கு வருகிறேன். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்து விவசாய பீடத்தில் படித்து முடித்த பிள்ளை அல்லவா? கனடா, ஜப்பான் என்று எங்காவது போய்விடுவான் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். நீர்கூட அவனுக்கு ஏதோ விண்ணப்பப் படிவம் அனுப்பியிருந்தீர். அவன் மார்கழி பிறப்பதற்கு முன்பே இரண்டரை மாத நெல்லான பிஜி 250 எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு திரிந்திருக்கிறான். மூன்றரை மாத நெல்லுக்கு இனிக் காலமில்லை, இதை உடனே எறிந்தால் மாசிக் கடைசியிலோ பங்குனித் தொடக்கத்திலோ அறுத்துவிடலாம் என்பது அவன் வாதம். தம்பி சம்மதிக்கவில்லை. ஊரெல்லாம் அறுத்த பிறகு எங்கள் கண்டம் மட்டும் பச்சையாக நின்றால் குருவியும் எலியும் பூச்சியும் அங்கேதான் குடியேறும் என்று அவன் சொன்னதிலும் பிழையில்லை. அவன் அனுபவத்தில் பேசினான். பிள்ளை அப்பனோடு வாய்த்தர்க்கம் செய்யாமல், வயல் காரியங்களை ஒழுங்குபடுத்தும் வட்டைவிதானையிடம் போய், பள்ளக் கண்டக்காரர்கள் எல்லோரும் ஒரே கிழமையில் ஒரே நெல்லை எறிவதென்று பேச்சு முடித்துக்கொண்டு வந்துவிட்டான். அவனுக்கு இந்தச் சாமர்த்தியம் தகப்பன் வழியில் வரவில்லை என்பது நிச்சயம்.

விதைநெல்லுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர். அம்மா இவ்வருடம் கேக்கைப் பாதியாக்கிவிட்டார். ரவையும் முந்திரிப் பருப்பும் வாங்கப் போட்டிருந்த கணக்கைப் பார்த்துவிட்டு, பாலன் குடிலுக்கு மின்குமிழ் வேண்டாம், புது உடுப்பு வேண்டாம் என்று ஒவ்வொன்றாக வெட்டி, மிஞ்சியதை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பேரனிடம் கொடுத்தார். தங்கச்சியும் நானும் எங்களால் ஆனதைப் போட்டோம். உமது கண்டங்களில் மண் அதிகம் மூடாத பகுதியில் முளை இப்போது விரல் நீளம் எழும்பியிருக்கிறது. மேல் அந்தத்தில் மணல் படிந்த பகுதி சும்மா கிடக்கிறது.

நேற்றுக் காலை 9.25க்குச் சுனாமி நினைவு மௌனத்துக்காக நாவலடிக்குப் போயிருந்தோம். திரும்பி வரும்போது கல்லடிப் பாலத்தில் வைத்துத் தம்பி தானாகவே வாய் திறந்தான். உமது வயலுக்கு விலை பேசி வந்தவர் வெள்ளாமை செய்கிற ஆள் அல்லர், டிப்பரில் மண் ஏற்றுகிறவர் என்றான். வடக்குப் பக்கத்தில் முன்னர் விற்கப்பட்ட காணியை அவர்கள் தோண்டிய கிடங்குக்குள் இந்த வெள்ளம் சுழன்றடித்துத்தான் பொது வரம்பு உடைந்ததாம். உமது மேல் அந்தத்தில் கிடக்கும் மணலும் அந்த வழியாக வந்ததுதான். உமது காணியையும் தோண்டினால் அதை அடுத்துள்ள எங்கள் கண்டங்களில் தண்ணீர் நிற்காது, மாரியில் வரம்பும் நிற்காது. இதை உமக்கு எழுதச் சொல்லி அவன் கேட்கவில்லை. "அவன்ர காணி, அவன் விக்கட்டும்" என்றுதான் சொன்னான். சொல்லிவிட்டுப் பாலம் முடியும் வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தான். அவன் கேட்கமாட்டான் என்பதால்தான் நான் எழுதுகிறேன்.

உமது நிலைமையும் எனக்குத் தெரியும். வீட்டுக்கடன், மகளின் படிப்பு, அங்கத்தைய செலவுகள் எல்லாம் நீர் எழுதியவைதான். காணியை எந்நாளும் விற்கக்கூடாதென்று சொல்ல நான் யார்? கேட்பது இவ்வளவுதான். சிறுபோகம் முடியும் வரை யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம். அதற்குப் பிறகும் விற்பதென்றால் முதலில் பெறாமகனிடம் கேளும். அவனிடம் இப்போது காசில்லை, தவணை கொடுத்தால் கட்டக்கூடியவன். இந்தப் போகத்துக் குத்தகையைத் தம்பி எப்பாடுபட்டாவது அனுப்பப் பார்ப்பான். வேண்டாம் என்று நீரே முந்திக்கொண்டு எழுதிவிடும். நான் சொல்லித்தான் எழுதினீர் என்று தெரிந்தால் வருடம் முழுக்க என்னோடு பேசமாட்டான்.

இன்னொன்று, இதற்கு அவசரம் இருக்கிறது. அழிந்த நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 150,000 ரூபாய் நட்டஈடு என்று அறிவித்திருக்கிறார்கள். காணிப் பதிவில் இன்னமும் உமது அப்பாவின் பெயரே இருப்பதால், இந்தப் போகம் செய்தவன் தம்பிதான், அந்தப் பணம் அவனுக்குச் சேர உமக்குச் சம்மதம் என்று ஒரு கடிதம் வேண்டும். கையெழுத்திட்டு, அங்கே ஒரு சட்டத்தரணியிடம் உறுதிப்படுத்தி, உமது அடையாள அட்டைப் பிரதியையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பும். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டு வேலை முடிந்ததென்று இருந்துவிடாதீர். மூலப் பிரதிதான் வேண்டும் என்கிறார்கள்.

அன்புடன்,
அந்தோனி