அந்த செல் ஓய்வெடுக்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த செல் பகுப்பு கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஒரு செல் தன்னைப் போன்ற இரண்டாகப் பிரியும் மைட்டாசிஸின் நான்கு நிலைகளையும் குழப்பாமல் சொல்லியிருந்தார்கள். படத்தில்தான் ஒரு குறை. இன்னும் பிரியத் தொடங்காத முதல் செல்லுக்குக் கீழே ‘ஓய்வு நிலை’ என்று போட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது புரிகிறது. வெங்காய வேர்நுனிக்கு அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி, கவர் ஸ்லிப்பைப் பெருவிரலால் அழுத்தி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், பெரும்பாலான செல்களில் உருண்டையாக ஓர் உட்கரு சும்மா கிடக்கும். குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நிற்கும் மெட்டாஃபேஸ் ஒன்று அகப்பட்டுவிட்டால் வகுப்பே அந்த மேசையைச் சுற்றிக் கூடிவிடும். 1882-ல் சாலமாண்டர் லார்வாக்களின் செல்களைப் பார்த்து மைட்டாசிஸை விவரித்த ஜெர்மன் விஞ்ஞானி வால்தர் ஃபிளெமிங்கும் சாயமும் மைக்ராஸ்கோப்பும் காட்டியதைத்தானே பார்க்க முடிந்தது?

சாயம் காட்டாதது 1950களின் தொடக்கத்தில் வெளியே வந்தது. ஆல்மா ஹோவர்ட், ஸ்டீஃபன் பெல்க் என்ற இரு விஞ்ஞானிகள் பீன்ஸ் வேர்நுனிகளுக்கு, புது டிஎன்ஏவில் சேர்ந்து அதைக் காட்டிக்கொடுக்கும் கதிரியக்கப் பாஸ்பரஸ் கொடுத்துப் பார்த்தார்கள். புது டிஎன்ஏ உருவானது மைட்டாசிஸின்போது அல்ல. அதற்கு முன்பே, ‘ஓய்வு’ என்று நாம் எழுதிவைத்த நேரத்தின் நடுவில். ஆய்வகத்தில் வளரும் மனித செல் ஒரு சுற்று முடிக்கச் சுமார் 24 மணி நேரம் எடுத்தால், மைட்டாசிஸுக்கு அதில் ஏறக்குறைய 1 மணி நேரம்தான். டிஎன்ஏவைப் பிரதி எடுக்கவே 8 மணி நேரம் போல ஆகிவிடும். அப்புறம் பிழை பார்ப்பது, திருத்துவது, வளர்வது எல்லாம் இருக்கிறது.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு வாதாடுவதற்குக் காரணம் உண்டு. “46 குரோமோசோம் ரெண்டாப் பிரிஞ்சா ஆளுக்கு 23தானே சார்?” வருடம் தவறாமல் எந்த மாணவராவது இதைக் கேட்பார். நியாயமான கேள்வி. முதல் செல் சும்மா இருந்தது என்று நம்பினால் கணக்கு அப்படித்தான் வரும். உண்மையில் அந்த ‘ஓய்வு’ நேரத்தில் ஒவ்வொரு குரோமோசோமும் தன் நகலோடு சென்ட்ரோமியர் என்ற இணைப்பிடத்தில் ஒட்டிக்கொண்டு இரட்டையாகிவிடுகிறது. இரட்டைகள் பிரியும் அனாஃபேஸ் நிலையில், செல்லுக்குள் இருக்கும் கதிர்கோல் இழைகள் இழுப்பது 92 குரோமாட்டிட்களை (இரட்டையின் ஒவ்வொரு பாதிக்கும் அதுதான் பெயர்), பக்கத்துக்கு 46 ஆக. கட்டுரையில் இந்த வரி இல்லை.

அடுத்த முறை படத்தில் ‘இடைநிலை’ (இன்டர்ஃபேஸ்) என்று போட்டுவிடுங்கள். அதுவும் எனக்கு அவ்வளவு பிடித்த சொல் அல்ல, இரண்டு வேலைக்கு நடுவே காத்திருப்பதுபோல் ஒலிக்கிறது. சரி, பொய்யாவது சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற (நிஜமாகவே) உயிரியல் ஆசிரியர்