அவளும் சிரித்தாளே என்கிறார்கள்

குடியாத்தம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்ததும் பதில் எழுத நினைத்தேன். அம்மாவின் கண்புரை அறுவை சிகிச்சைக்காக வேலூருக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் தள்ளிப்போய்விட்டது. இப்போது நன்றாகத் தெரிகிறது. காலையில் நாளிதழ் முதலில் அவர் கைக்குத்தான் போகிறது. மழை இன்னும் வரவில்லை, கௌண்டன்ய மகாநதி மணலாகத்தான் கிடக்கிறது. உன் மகனுக்குக் கோவையிலேயே வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

அவன் பார்க்கும் நகைச்சுவை நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதியிருந்தாய். கறுப்பு, குண்டு, வழுக்கை என்று கேலி செய்வது காலங்காலமாக இருப்பதுதானே, இப்போதுதான் எல்லோரும் தொட்டாற்சிணுங்கி ஆகிவிட்டார்கள் என்று கேட்டிருந்தாய். நாமே கவுண்டமணி, செந்திலைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவர்கள்தானே என்றும் எழுதியிருந்தாய். உண்மைதான். இன்றும் வாழைப்பழக் காட்சி வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவேன். ஆனால் அங்கே செந்திலுக்கும் வாய் இருந்தது. அடி வாங்குவார், கடைசியில் எதிராளியைத் திணறடித்துவிட்டு நிற்பவரும் அவர்தான். பதில் சொல்லவே வழியில்லாத ஒருவரை மேடையில் நிறுத்தி வைத்துக்கொண்டு பேசுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

போன ஆவணியில் காட்பாடியில் ஒரு திருமண வரவேற்புக்குப் போயிருந்தேன். மணப்பெண் என்னிடம் தமிழ் படித்தவள், இப்போது செவிலியர். இன்னிசைக் குழுவில் பலகுரல் கலைஞர் ஒருவர் பாட்டுகளுக்கு நடுவே பேசிக்கொண்டிருந்தார். திறமைக்காரர். நடிகர்களின் குரலில் மொய் கேட்டபோது கைதட்டினேன். பிறகு அவர் மணமக்கள் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை, முதல் வேலையாக வீட்டில் இன்வெர்ட்டர் வாங்கிப் போடுங்கள். கரண்ட் போனால் பெண்ணைத் தேட வேண்டியிருக்கும்" என்றார். மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளை சிரித்தார். அவளும் சிரித்தாள். நான் முன்வரிசையில் இருந்ததால் எல்லாம் தெரிந்தது. அழகு நிலையத்தில் பூசிவிட்ட பூச்சில் அவள் முகம் ஒரு நிறமாகவும் மாலையைப் பிடித்திருந்த கை வேறு நிறமாகவும் இருந்தன. சிரித்துக்கொண்டே அந்தக் கையை மாலைக்கு உள்ளே இழுத்துக்கொண்டாள்.

பந்தியில் உட்கார்ந்தபோது பக்கத்திலிருந்த அம்மாளிடம் என் வருத்தத்தைச் சொன்னேன். "பெண்ணே சிரித்தாளே, உங்களுக்கு என்ன?" என்றார். எல்லா இடத்திலும் இந்தப் பதில்தான் வருகிறது. அவள் வேறு என்ன செய்திருக்க முடியும், சொல். முகம் சுளித்திருந்தால் வந்த அன்றே திமிர் என்று புகுந்த வீட்டில் பேசியிருப்பார்கள். கண் கலங்கியிருந்தால் மங்கல நேரத்தில் அழுகிறாளே என்பார்கள். ஒரே ஒரு வழியைத் திறந்து வைத்துவிட்டு, அவள் அந்த வழியாகப் போனதையே சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அநியாயம் இல்லையா? எனக்குக் கோபமெல்லாம் இதில்தான்.

இந்தச் சிரிப்புக்குள் எத்தனை வருடம் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது வெளியே தெரிவதில்லை. நம் சென்னைக்காரர் லட்சுமண் சிவராமகிருஷ்ணன் இந்தியாவுக்காக டெஸ்ட் கிரிக்கெட் ஆடியவர். நிறத்துக்காக வாழ்நாள் முழுவதும், சொந்த நாட்டிலேயே, கேலிக்கு ஆளானதாக 2021இல்தான் வெளிப்படையாகச் சொன்னார். அதற்கு முன்பு 2017இல் இன்னொரு கிரிக்கெட் வீரர் அபினவ் முகுந்த் இதையே எழுதினார். சின்ன வயதிலிருந்து வெயிலில் ஆடிக் கறுத்ததில் தனக்கு வருத்தமே இல்லை என்றும் சொன்னார். மே மாதத்தில் 42 டிகிரியைத் தாண்டும் ஊர் நம்முடையது. செங்கல் சூளையிலும் வயலிலும் சித்தாள் வேலையிலும் நிற்பவர்களின் தோலில்தான் அந்த வெயில் முழுக்க இறங்குகிறது. அவர்கள் பெரும்பாலும் எந்தத் தெருக்காரர்கள் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். சாதிப் பெயர் சொல்லிப் பொது இடத்தில் இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நிறத்தின் பெயரால் அதே அடி விழும்போது மட்டும் நகைச்சுவை என்கிறோம். பரசுராமனின் தாய் ரேணுகையின் சிரசை, தீண்டத்தகாதவள் என்று ஒதுக்கப்பட்ட சண்டாளப் பெண்ணின் உடலில் பொருத்தி, அந்த உருவத்தைக் கங்கையம்மனாகக் கும்பிட வைகாசி முதல் நாளில் லட்சக்கணக்கில் கூடுகிற ஊரில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன்.

வகுப்பறையிலும் இது என்னை விடவில்லை. புறநானூற்றின் 112ஆம் பாட்டு உனக்கு நினைவிருக்கும். தந்தையையும் பறம்பு மலையையும் ஒருசேர இழந்த பாரி மகளிர் பாடியது. அவர்களைத்தான் மரபு அங்கவை, சங்கவை என்கிறது. கபிலர் அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு போய் விச்சிக்கோ, இருங்கோவேள் என்ற சிற்றரசர்களிடம் மணம் பேசிய பாட்டுகளும் அதே நூலில் இருக்கின்றன. அந்தத் துயரத்தின் இரண்டு பெயர்களை எடுத்து, 2007இல் வந்த 'சிவாஜி' படத்தில் முகத்தில் கறுப்பு மை பூசிய இரண்டு பெண்களுக்கு வைத்தார்கள். அவர்களைக் கண்டு கதாநாயகன் மிரள்வதுதான் நகைச்சுவை. அதன் பிறகு பல வருடங்கள் அந்தப் பாட்டை நடத்தும்போது, பெயர்களைச் சொன்னதும் பின்வரிசையில் சிரிப்பு எழும். சிரித்த பிள்ளைகள் யாரைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைக்கிறாய்? வகுப்பிலேயே கறுத்த பெண்ணைத்தான். தகப்பனைப் பறிகொடுத்த இரண்டு பெண்களின் அழுகையைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு உணர்த்துவது எனக்குப் பிடித்த வேலை. அதை ஒரு கேலிக் காட்சி இவ்வளவு கடினமாக்கிவிட்டது.

தடை போட வேண்டுமா என்று நீ கேட்பாய். வேண்டாம். 2021 ஜனவரியில் இந்தூரில் மேடை நகைச்சுவைக் கலைஞர் முனாவர் ஃபாரூக்கியை, அன்று மேடையில் சொல்லாத நகைச்சுவைக்காகவே பிடித்துக்கொண்டு போனார்கள். உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்து அவர் வெளியே வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. போலீஸ் கையில் இதைக் கொடுத்தால் முதலில் மாட்டுபவன் அதிகாரத்தில் இருப்பவர்களைக் கேலி செய்பவன்தான். நம் பக்கத்துத் தெருக்கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் துரியோதனனையே நிறுத்தி வைத்துக் குறுக்குக் கேள்வி கேட்பான். அந்தச் சாக்கில் எதிரே உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் இரண்டு விழும். புரிசையில் விடிய விடியப் பார்த்திருக்கிறோமே. அவனும் பெண்களைப் பற்றிக் கொச்சையாகப் பேசுவதுண்டு, அது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் ராஜாவை வம்புக்கு இழுக்கத் துணிச்சல் வேண்டும். மாலையும் கழுத்துமாக நிற்கும் பெண்ணைக் கேலி செய்ய எந்தத் துணிச்சலும் வேண்டாம்.

ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் க்ளோ அண்ட் லவ்லி ஆகிவிட்டது. எங்கள் தெருக் கடையில் பழைய பெயரைச் சொல்லித்தான் இன்னும் கேட்கிறார்கள்.

தை மாதம் என் தம்பி மகளுக்குத் திருமணம், மண்டபம் இங்கேயே. இன்னிசைக் குழுவுக்கு முன்பணம் கொடுக்கும்போது நானும் தம்பியோடு போனேன். பெண்ணையோ மாப்பிள்ளையையோ இரு வீட்டாரையோ நிறத்தை, உடம்பைச் சொல்லி ஒரு வார்த்தை பேசக் கூடாது, பேசினால் அங்கேயே ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்வேன் என்றேன். குழுத் தலைவர் கோபப்படவில்லை. "இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை அம்மா, சிரிப்பு வராவிட்டால் எங்களைக் குறை சொல்லக் கூடாது" என்றார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். பத்திரிகை அச்சானதும் அனுப்புகிறேன். மகனையும் அழைத்துக்கொண்டு முதல் நாளே வந்துவிடு. அவன் என்னோடு சண்டை போட வேண்டுமானால் தாராளமாகப் போடட்டும்.

அன்புடன்,
உன் பழைய தோழி