கடம் வாசித்தவர் பெயர் வருகிறது, கிதார் வாசித்தவர் பெயர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாடிப்படியில் வழுக்கி விழுந்து, வலது காலில் மாவுக்கட்டோடு பெரம்பூர் வீட்டில் ஐந்து வாரம் கிடந்தேன். கட்டிலுக்கு எதிரே டிவி. அதில் பகல் முழுக்க என்ன ஓடும் என்பது உங்களுக்கே தெரியும். மூன்றாம் நாள், பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பரிதாபப்பட்டுத் தன் ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். சினிமாவில் வராத தமிழ்ப் பாட்டுகளைப் பத்து வருடமாக அப்புறம் கேட்கலாம், அப்புறம் கேட்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தவன் நான். இப்போது தப்ப வழியில்லை.

எண்ணூரிலிருந்து ஆரம்பித்தேன். 2017 ஜனவரியில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றியும் புறம்போக்கு என்ற சொல்லைப் பற்றியும் பாடிய வீடியோ வந்ததல்லவா? சாம்பல் படிந்த அந்தப் பக்கத்தை மின்சார ரயிலில் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவன் என்பதால் வாட்ஸ்அப்பில் ஒருவர் விடாமல் அனுப்பினேன். பாடியவரைப் பாராட்டினேன். வரிகளை எழுதியது யார் என்று கேட்கத் தோன்றவில்லை. எழுதியவர் கபேர் வாசுகி என்று இப்போது படுத்த படுக்கையாகத் தேடியபோதுதான் தெரிந்தது. அவரே பாட்டுக்காரர், அவருக்கென்று ஆல்பங்களும் இருக்கின்றன. முதல் நாள், "இதென்ன, பாடாமல் பேசிக்கொண்டே இருக்கிறாரே" என்று நிறுத்திவிட்டேன். நாலு நாள் கழித்து எது என்னை அவரிடம் திரும்ப இழுத்தது என்று சொல்லத் தெரியவில்லை. அப்புறம் ஒரு வாரம் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஒரு பெயர் கிடைத்தால் அடுத்த பெயர் தானே வந்துவிடுகிறது. அவரும் தென்மாவும் சேர்ந்து நடத்திய குழு குரங்கன். அந்தத் தென்மா யார் என்று பார்த்தால், சினிமா இயக்குநர் பா. ரஞ்சித்தோடு சேர்ந்து காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழுவை உருவாக்கியவர். அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் அவர்களுடைய முதல் கச்சேரி நடந்தபோது நான் கூட்டத்தில் நின்றிருந்தேன். பாதியில் கிளம்பியும் வந்துவிட்டேன்.

காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன். நான் பிறந்தது புளியந்தோப்பு. ராத்திரி எங்காவது சாவு விழுந்தால் விடிய விடிய கானா கேட்கும். அப்பா எழுந்து ஜன்னலைச் சாத்துவார். படித்து, வேலைக்குப் போய், நாலு தெரு தள்ளிக் குடிபோனதே அந்தச் சத்தத்திலிருந்து தப்பிக்கத்தான் என்று எங்கள் வீட்டில் ஒரு நினைப்பு. மேடையில் பத்தொன்பது பேர், நடுவில் சட்டி, கட்டமோளம் என்ற மேளங்கள். யாரோ என்னைத் திரும்பப் பழைய வீட்டுக்கு இழுப்பது போல இருந்தது. "சத்தம் அதிகம், வார்த்தை புரியவில்லை" என்று வீட்டில் சொன்னேன். பொய். ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

இப்போது ஹெட்போனில், ஜன்னலைச் சாத்த யாரும் இல்லாமல், முழுதாகக் கேட்டேன். அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதி பேதமற்ற' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர்தான் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்பதை மகள்தான் சொன்னாள். அந்தக் குழுவில் ஒரே பெண்ணாக நின்ற கானா பாடகி இசைவாணியை 2020இல் பிபிசி உலகின் நூறு பெண்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்ததும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதே குழுவில் பாடிய ராப் பாடகர் அறிவு, இசையமைப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து 2019இல் கொண்டுவந்த 'தெருக்குறள்' ஆல்பம் அவளுக்கு மனப்பாடம். அப்பனுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. பன்னிரண்டு, பதிமூன்று வருடத்துக்கு முன் ஒரு குழு என்றால் எனக்கு உயிர். பெயர் வேண்டாம். காலர் டியூன்கூட அவர்கள் பாட்டுதான். ஆசையாக மகளுக்குப் போட்டுக் காட்டினேன். பாதியில் நிறுத்தி, "பொண்ணுங்க என்ன டிரஸ் போடணும்னு இவங்க எதுக்குப்பா சொல்றாங்க?" என்றாள். அத்தனை வருடம் கூடவே பாடியவனுக்கு அந்த வரி காதில் விழுந்ததே இல்லை. அதற்குப் பிறகு தனியாக இருக்கும்போது ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால் விரல்கள் மட்டும் பழைய விசுவாசத்தில் தாளம் போட்டன.

சரி, உங்களுக்கு எழுதும் விஷயத்துக்கு வருகிறேன். மார்கழி வந்தால் உங்கள் நாளிதழில் தினமும் சபாக் கச்சேரி விமர்சனம் வருகிறது. பாடியவர் மட்டுமல்ல, வயலின், மிருதங்கம், கடம் வரைக்கும் பெயர் போடுகிறீர்கள். நல்ல வழக்கம், அதை விட்டுவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை வந்தால் சினிமாப் பாட்டுக்கு அரைப் பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில் நம் ஊரிலேயே பாட்டுக் கட்டி, சொந்தக் காசில் பதிவு செய்து வெளியிடுகிறவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. யுனெஸ்கோ 2017இல் சென்னையை இசை நகரம் என்று அறிவித்தபோது முதல் பக்கத்தில் போட்டீர்களே, அந்த இசையில் இவர்கள் சேர்த்தியில்லையா?

வாரம் ஒரு முறை கால் பத்தி போதும். நட்சத்திரம், மதிப்பெண் எல்லாம் வேண்டாம். என்ன ஆல்பம் வந்தது, எழுதியது யார், கிதார் யார், சட்டி யார் என்று பெயர்களைப் போடுங்கள். செல்போன் செயலிகளில் இந்த விவரத்தைத் தோண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. கேசட் காலத்தில் அட்டையைத் திருப்பினால் ஏதாவது தெரியும்.

இடம் இல்லை என்பீர்கள். வார ராசிபலனில் கொஞ்சம் குறைக்கலாம். என் ராசி கன்னி, அதிலிருந்தே வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை - 11