சிம்மாசனம் எங்கே என்று கேட்ட பையனுக்காக: சுற்றுலா கூட்டி வரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரிக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வரும் ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

நான் தக்கலைக்காரன், மரவேலை பார்க்கிறவன். திருவிதாங்கூர் ராஜாக்கள் இருந்த பத்மநாபபுரம் அரண்மனை எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். வெளியூரிலிருந்து சொந்தக்காரர் யார் வந்தாலும் அவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போவது என் தலையில்தான் விழும். அப்படிப் போயிருந்த ஒருநாள் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே நுழைந்தார்கள், நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை, அதே வரிசையில் வெளியே போய்விட்டார்கள். நடுவில், ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் ஒரு பையன் மட்டும் நின்று, "சார், சிம்மாசனம் எங்க சார்?" என்றான். "அதெல்லாம் இங்க இல்லடா, நட நட, திற்பரப்புல குளிக்கணும்ல" என்று பதில் வந்தது. பையனுக்கு முகம் சப்பென்று ஆகிவிட்டது.

உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. விடிகாலையில் சூரிய உதயம், பாறைக்குப் போகப் படகு வரிசை, சுசீந்திரம், வட்டக்கோட்டை, அரண்மனை, கடைசியில் அருவி, இத்தனையும் ஒரே பகலில், நூறு பிள்ளைகளை எண்ணி எண்ணி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு. நானாக இருந்தால் இரண்டாவது இடத்திலேயே கத்தித் தீர்த்திருப்பேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்: அந்தப் பட்டியலில் ஏதாவது ஓர் இடத்தை வெட்டிவிட்டு, அந்த நேரத்தை அரண்மனைக்குக் கொடுங்கள். மூன்று மணி நேரம் கொடுத்தால் நல்லது.

ஏனென்றால் அந்தப் பையன் கேட்டது சரியான கேள்வி. சினிமாவில் பார்த்த அரண்மனையை மனதில் வைத்துக்கொண்டு வருகிறான். தங்க நாற்காலியும் வெல்வெட் திரையும் இருக்கும் என்று நினைக்கிறான். இங்கே வந்தால் ஓட்டுக்கூரை, தலை இடிக்கிற வாசல், இருட்டு. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா 1750இல் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, சாமியின் தாசனாக இருந்து ஆண்டவர். நான்கு நிலை உப்பரிகை மாளிகையில் உச்சி நிலை சாமிக்கு, சுவர் முழுக்க ஓவியத்தோடு. ராஜாவின் படுக்கையறை அதற்குக் கீழேதான். இதை அந்த இடத்தில் நிறுத்திச் சொல்லியிருந்தால் பையனுக்குச் சிம்மாசனம் மறந்தே போயிருக்கும்.

அந்தப் படுக்கையறைக் கட்டிலையும் சும்மா "மூலிகைக் கட்டில்" என்று சொல்லித் தாண்டிவிடாதீர்கள். அறுபத்து நான்கு வகை மருந்து மரங்களைச் சேர்த்துச் செய்தது என்றும், டச்சுக்காரர்கள் கொடுத்தது என்றும் சொல்வார்கள். 1741இல் குளச்சலில் இதே ராஜாவிடம் தோற்றவர்கள்தான் அவர்கள். அங்கே பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு ராஜாவின் படைக்கே பயிற்சி கொடுத்தார்; அவருடைய கல்லறை பக்கத்து உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. ஒரு கட்டிலை வைத்து ஒரு பீரியட் முழுக்க வரலாறு நடத்தலாம்.

ஆனால் தொழில்காரனாக என்னைக் கேட்டால், கட்டிலும் நாற்காலியும் அங்கே இரண்டாம் பட்சம். வீடுதான் அங்கே சாமான். பூமுகத்தில், அதாவது முகப்பு மண்டபத்தில், பிள்ளைகளைத் தரையில் உட்காரச் சொல்லி அண்ணாந்து பார்க்க வையுங்கள். மேல்தட்டில் தேக்கில் செதுக்கிய தொண்ணூறு பூ, ஒன்றுபோல ஒன்று இருக்காது என்பார்கள். எண்ணச் சொல்லுங்கள், நான் இன்றுவரை முழுசாக எண்ணி முடித்ததில்லை, அறுபதைத் தாண்டினால் கழுத்து வலி வந்துவிடும். அங்கேயே தொங்குகிற குதிரை விளக்கு, எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் திருப்பின பக்கமே நிற்கும்படி சங்கிலி செய்திருக்கிறார்கள்.

அப்புறம் தரை. நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்த அந்தக் கறுப்புத் தரைதான். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, ஆற்று மணல், கருப்பட்டி, முட்டை வெள்ளை என்று சேர்மானம் சொல்கிறார்கள். எத்தனை கால் மிதித்தும் குளிர்ச்சி போகவில்லை, பளபளப்பும் போகவில்லை. குனிந்தால் ஜன்னல் மரக்கம்பியின் நிழல் அதில் தெரியும். பிள்ளைகளை உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். (தூணிலும் சுவரிலும் கை வைக்க விடாதீர்கள், பேனாவால் பெயர் எழுதுகிறவர்களைப் பற்றி இங்கே ஆரம்பித்தால் மடல் முடியாது.)

கொட்டாரம் என்றால் அரண்மனை. இங்குள்ள கட்டடங்களில் தாய்க்கொட்டாரம்தான் இருப்பதிலேயே பழசு, 1550 வாக்கில் கட்டியது. அதன் ஏகாந்த மண்டபத்தில் ஒற்றைப் பலாமரத்தில் கடைந்த தூண் ஒன்று நிற்கிறது. முதல் தடவை அப்பா என்னை அதன் முன்னால் நிறுத்தி, "இதுல எங்க ஒட்டு இருக்குன்னு கண்டுபிடி" என்றார். நான் அரை மணி நேரம் சுற்றிச் சுற்றித் தேடினேன். ஒட்டே கிடையாது என்று தெரிந்தபோது வந்த கோபமும் ஆச்சரியமும் இன்னும் நினைவிருக்கிறது. உங்கள் பிள்ளைகளிடமும் அப்படியே கேட்டுப் பாருங்கள்.

மந்திரசாலை ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாக வண்ண மைக்கா. ஊட்டுப்புரையில் இரண்டு மாடி சேர்த்து இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம், ஊறுகாய்க்குச் சீன ஜாடிகள். நவராத்திரி மண்டபத்தில் நடனம் பார்க்க அரண்மனைப் பெண்களுக்குத் தனியாக மரத்தடுப்பும் அதில் சின்னச் சின்னத் துளையும். அந்தத் துளையைக் காட்டிவிட்டு நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், உங்கள் வகுப்புப் பெண்பிள்ளைகளே கேள்வி கேட்பார்கள்.

இன்னொரு விஷயமும் பிள்ளைகளுக்குப் புதிராக இருக்கும். அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், அதைப் பார்த்துக்கொள்வது கேரளத் தொல்லியல் துறை. 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது கன்னியாகுமரி மாவட்டம் இந்தப் பக்கம் வந்தது, கொட்டாரம் அவர்கள் பொறுப்பில் தங்கிவிட்டது. சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு இது அல்வா மாதிரிப் பாடம்.

காலையில் திறந்ததும் வந்துவிடுங்கள், கூட்டம் குறைவு. நூறு பேரை மொத்தமாக உள்ளே தள்ளாமல் இருபது இருபதாகப் பிரியுங்கள். ஏணிப்படிகள் குறுகல், இறங்குகிறவனும் ஏறுகிறவனும் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். உயரமான பிள்ளைகளிடம் நிலைப்படி பற்றி முன்னாலேயே சொல்லிவிடுங்கள். தயவுசெய்து திங்கட்கிழமை மட்டும் வந்துவிடாதீர்கள், அன்றைக்கு விடுமுறை.

இப்படிக்கு,
தக்கலையிலிருந்து ஒரு மரவேலைக்காரன்