பெயர் போட்ட பெஞ்ச்

சிங்கப்பூர்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? மருந்துக்குப் பணம் போட்டுவிட்டேன். வேலையில் புதிதாக ஒன்றும் இல்லை, ஷிப்ட் மட்டும் மாறியிருக்கிறது.

நீங்கள் பெஞ்ச் அடிக்கிறவர் என்பதால் இதை எழுதுகிறேன். இங்கே எம்ஆர்டி என்கிற மெட்ரோ ரயிலின் வடகிழக்குப் பாதையை 2003-ல் திறந்தபோதே, நிலையத்துக்கு நிலையம் ஓவியம், சிற்பம் என்று கட்டடத்தோடு சேர்த்து வைத்துவிட்டார்கள். லிட்டில் இந்தியா நிலையத்தில் எஸ். சந்திரசேகரன் என்ற சிங்கப்பூர்க் கலைஞர் செய்தது இருக்கிறது. வட்டப் பாதையில் இன்னும் ஒரு படி மேலே போய், உட்காருகிற பெஞ்சையே கலையாக்கிவிட்டார்கள். அதற்கென்றே 2006-ல் சர்வதேசப் போட்டி வைத்தார்களாம். ஜெயித்த வடிவத்துக்கு 'மேட்ரிக்ஸ்' என்று பெயர். நம் ஜங்ஷன் பலகையில் விளக்குப் புள்ளிகளாக எழுத்து ஓடுமே, அந்த மாதிரி புள்ளி புள்ளியாக அந்தந்த நிலையத்தின் பெயர் பெஞ்சிலேயே இருக்கும். கூட்டம் உட்கார்ந்துவிட்டால் ஓரத்தில் ஓரிரு எழுத்துதான் மிஞ்சும்.

ஆனால் அப்பா, ரயில் சில நிமிடத்தில் வந்துவிடுகிறது. பையை மடியில் வைப்பதற்குள் எழுந்திருக்க வேண்டும். இவ்வளவு யோசித்துச் செய்த பெஞ்ச் இருக்க வேண்டியது, ராத்திரியில் மூட்டையும் பிள்ளையுமாகக் காத்துக் கிடக்கிற நம் பஸ் ஸ்டாண்டுகளில்தான். (ஏற்காடு லேடீஸ் சீட்டுக்குப் போட்டியும் இல்லை, பரிசும் இல்லை. வெறும் பாறை. கீழே சேலம் தெரிகிறதென்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே மாட்டான்.)

நம் பட்டறையில் ஸ்டீல் பெஞ்சுக்குத் தண்ணீர் வடிய எப்படியும் வரிசையாக ஓட்டை போடுகிறோம். அந்த ஓட்டைகளையே 'ஏற்காடு' என்று வருகிற மாதிரி போட்டால் என்ன? தகடு அதேதான், மார்க்கிங்தான் கூடுதல் வேலை. 'ற' வளைவில் ஓட்டைகள் நெருங்கும், அதனால் சின்ன டிரில் பிட்டாகப் போடுங்கள். பின்பக்கமும் பிசிர் சுத்தமாக எடுக்க வேண்டும். சேலை நூல் மாட்டினால் அப்புறம் கலையாவது ஒன்றாவது, வசவுதான் விழும்.

உருக்காலைத் தகடு துண்டு ஏதாவது கிடந்தால் ஒன்று அடித்துப் பாருங்கள், படத்தை வாட்ஸ்அப்பில் போடுங்கள். எழுத்தை மட்டும் தம்பியை வரையச் சொல்லுங்கள். உங்கள் கையெழுத்தை நம்பி யாரும் பஸ் ஏற மாட்டார்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்