காணிக்கைப் பையை இருவர் எண்ணட்டும்

ஆசிரியருக்கு,

நாங்குநேரி பக்கம் எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோவிலில் காணிக்கைப் பணம் சில மாதங்களாகக் குறைந்துகொண்டே வந்தது. ஆராதனை முடிந்ததும் பையை ஒருவரே உள்அறைக்குக் கொண்டுபோய் எண்ணுவார். அவர் சொல்வதே கணக்கு. அறுப்பின் பண்டிகை (அறுவடைக்கு நன்றி சொல்லும் விழா) ஏலப் பணமும் ஒத்துவராதபோதுதான் கமிட்டி விழித்தது. அவரும் ஒப்புக்கொண்டார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு உறுத்தல். "சபை மானம் போயிரும், வெளியே சொல்லாதீங்க" என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிவிட்டு விஷயத்தை மூடிவிட்டார்கள். மன்னிக்கலாம், சரி. ஆனால் கைப்பிடி அரிசி எடுத்துவைத்த பாட்டிக்கும், பீடி சுற்றிய கூலியில் பத்து ரூபாய் போட்டவருக்கும் விவரம் தெரியக்கூடாதா? நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடுவது பாரதிய நியாய சன்ஹிதா 316-ஆம் பிரிவின்படி குற்றம். போலீசுக்குப் போவதா என்பதைச் சபை கூடி முடிவு செய்திருக்கலாம், நாலு பேர் அல்ல.

வேதத்திலேயே வழி இருக்கிறது. யோவாஸ் ராஜா காலத்தில் ஆலயப் பெட்டிப் பணத்தை ராஜாவின் சம்பிரதியும் (கணக்கரும்) பிரதான ஆசாரியனும் சேர்ந்துதான் எண்ணினார்கள் (2 இராஜாக்கள் 12:10). பக்கத்து அம்மன் கோவிலில்கூட உண்டியலை ஊரார் முன்னால்தான் திறக்கிறார்கள்.

ஒருவருக்கொருவர் உறவுக்காரர் அல்லாத இருவர், ஆராதனை முடிந்த கையோடு, சபையார் பார்க்க எண்ணிக் கையெழுத்திடட்டும். தொகையை அடுத்த ஞாயிறு அறிவிப்பில் வாசிக்கட்டும். திங்கட்கிழமையே வங்கியில் கட்டட்டும். இதற்குச் செலவு ஒரு நோட்டும் பேனாவும்தான்.

— சபை உறுப்பினர் ஒருவர்,
நாங்குநேரி வட்டாரம்