பங்கையும் நாட்களையும் குறையுங்கள்: பல்கலைக்கழக நிர்வாகங்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர்களுக்கும் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

உங்கள் ஆய்வகங்களில் பிறக்கும் நிறுவனங்கள் வளராமல் நிற்பதற்குச் சந்தையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தொடக்கத்தில் உங்கள் மேசையில் கையெழுத்தாகும் ஒப்பந்தமே பல நிறுவனங்களுக்குக் கால்கட்டாகிவிடுகிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். நிறுவனத்தின் பங்குகளில் பல்கலைக்கழகத்துக்கு 50 சதவீதம், நிறுவனர் இருவருக்கும் தலா 25. முதல் முதலீட்டுச் சுற்றில் முதலீட்டாளருக்கு 20 சதவீதமும் பணியாளர் பங்கு ஒதுக்கீட்டுக்கு 10 சதவீதமும் போனால், எல்லோருடைய பங்கும் அதே விகிதத்தில் சுருங்கி, நிறுவனர் ஒருவரிடம் 17.5 மிஞ்சும். அடுத்த சுற்றில் 20ம் 5ம் போக, 13.1. மூன்றாவதில் இன்னொரு 20 போக, 10.5. பொருள் இன்னும் விற்பனைக்கே வந்திருக்காது. இனிமேல்தான் பல ஆண்டு உழைக்க வேண்டியவரிடம் பத்தில் ஒரு பங்குதான் இருக்கிறது. இந்தக் கணக்கை முதலீட்டாளர் முதல் நாளே போட்டுப் பார்த்து ஒதுங்கிவிடுகிறார். நீங்கள் 10 சதவீதத்தில் தொடங்கியிருந்தால் அதே மூன்று சுற்றுக்குப் பிறகு ஒவ்வொருவரிடமும் ஏறக்குறைய 19 சதவீதம் இருந்திருக்கும். இதில் ‘பல்கலைக்கழகத்தின் பங்கு எந்தச் சுற்றிலும் குறையாது’ என்ற விதியையும் சேர்த்தால், அந்த இழப்பும் மற்றவர்கள் தலையில்தான் விழும். தயவுசெய்து அந்த விதியை நீக்குங்கள்.

சிறிய பங்கு நட்டம் அல்ல. கூகுளுக்குக் கொடுத்த உரிமத்துக்கு ஈடாகப் பெற்ற பங்குகளை விற்று, 2005 வாக்கில் ஸ்டான்ஃபோர்டு ஈட்டியது ஏறத்தாழ 33.6 கோடி டாலர். பல்கலைக்கழகங்களில் பிறக்கும் நிறுவனங்களைப் பற்றி பிரிட்டனில் 2023 நவம்பரில் வந்த சுயாதீன ஆய்வறிக்கையும், பல்கலைக்கழகத்தின் பங்கு மென்பொருள் நிறுவனங்களில் 10 சதவீதமோ அதற்குக் குறைவோ, உயிர் அறிவியலில் 10 முதல் 25 சதவீதம் வரை போதும் என்றே பரிந்துரைத்தது.

அடுத்தது காலம். முதல் காப்புரிமை விண்ணப்பத்திலிருந்து 12 மாதத்துக்குள் பன்னாட்டு விண்ணப்பம் போட வேண்டும். பிறகு, பெரும்பாலான நாடுகளில், அந்த முதல் விண்ணப்பத்திலிருந்து 30ஆம் மாதத்துக்குள் ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மொழிபெயர்ப்பு, வழக்கறிஞர், கட்டணம் என்று பெருஞ்செலவு வருவது அப்போதுதான். உரிமப் பேச்சை ஓராண்டு இழுத்தால், நிறுவனம் முதலீடு திரட்டி முடிப்பதற்குள் அந்தக் கெடு வந்து நிற்கும். பணமில்லாமல் விட்ட நாடுகளில் உரிமை போனது போனதுதான். விண்ணப்பிக்கும் முன்பே ஆய்வேட்டை நூலகத்தில் வைத்தாலோ மாநாட்டில் சுவரொட்டி ஒட்டினாலோ ஐரோப்பாவில் காப்புரிமைக்குத் தேவையான புதுமைத் தகுதியே போய்விடும். ஆய்வேடு சமர்ப்பிக்கும் படிவத்தில் இதற்கென ஒரு கேள்வி சேர்த்தாலே பாதி விபத்துகள் நிற்கும்.

கண்டுபிடித்தவர்கள் உரிமையை எழுதிக்கொடுக்கும் கையொப்பச் சங்கிலியும் அறுந்துபோகும் இடம். பல இடங்களில் மாணவர் உங்கள் ஊழியர் அல்லர். அவர் கண்டுபிடித்தது தானாக உங்களுடையது ஆகாது. நிதி தந்த நிறுவனத்துக்கும் அதில் உரிமை இருக்கலாம். முதலீட்டாளரின் வழக்கறிஞர் கேட்ட பிறகு, படித்து முடித்து வேறு நாடு போன மாணவரைத் தேடிப்பிடிப்பதைவிட, ஆய்வு தொடங்கும்போதே கையொப்பம் வாங்கிவிடுங்கள்.

உரிமத்தொகையை விற்பனை தொடங்கிய பிறகு கேளுங்கள். வருமானமே இல்லாத ஆண்டுகளில் குறைந்தபட்சத் தொகை கேட்பது ஆய்வாளரின் சம்பளத்திலிருந்து எடுப்பதற்குச் சமம்.

ஆய்வகத்தை விட்டு வெளியேறுவதும் எளிதல்ல. வேதிவினை நடக்கும் கலத்தின் நீள அகல உயரம் பத்து மடங்கானால் கொள்ளளவு ஆயிரம் மடங்காகும். வெப்பம் வெளியேறும் பரப்போ நூறு மடங்குதான். குடுவையில் அடங்கியிருந்த வினை பெருங்கலத்தில் கட்டுக்கடங்காமல் போவது இதனால்தான். இதைச் சரிசெய்ய ஆண்டுகள் ஆகும். அதுவரை கருவிகளை மணிக்கணக்கு வாடகைக்குக் கொடுங்கள். ஆனால் கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும் உரிமம் பெற்ற மென்பொருளில் நிறுவன வேலை நடக்கவிடாதீர்கள்; பின்னாளில் அது வழக்காகும்.

உங்களிடம் நாங்கள் கேட்பது: பங்கு, உரிமத்தொகை, காப்புரிமைச் செலவு ஆகியவற்றை நிரப்பிய மாதிரி ஒப்பந்தத்தை வெளிப்படையாக வெளியிடுங்கள். பேச்சு தொடங்கி 90 நாளில் கையெழுத்து என்று கெடு வையுங்கள். நிறுவனத்துக்குப் போகும் பேராசிரியருக்கு, திரும்பி வரும் உரிமையோடு இரண்டு ஆண்டு விடுப்பு கொடுங்கள்.

இப்படிக்கு,
ஆய்வை வணிகமாக்கும் பணியில் உள்ளோர்